பின்னால் போன மாப்பிள்ளை அழைப்பு

கையில் இப்போதுதான் கிரீஸ் ஏறத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்திக்குத்தான் தமிழ் தடுமாறாமல் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். அவள் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு கேளுங்கள். கார்புரேட்டரை எப்படிக் கழுவுவது, செயினை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் சாமுவேல் சொல்லித் தருவார். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. சுற்றி ஊரே நின்று கத்தும்போது ஒரு மெக்கானிக் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது சொல்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். புனேயில் கிர்க்கி கண்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். சாமுவேலைக் கட்டிக்கொண்டு ஏரவாடாவுக்கு வந்தபோது, வீட்டை ஒட்டியே பழைய ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு ஒரு பட்டறை வைத்திருந்தார். முதலில் அவருக்கு ஸ்பார்க் பிளக் துடைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவர் காதைவிட என் காது தேவலை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதிலிருந்து சக்கரம், கியர், பிரேக் அவர் பொறுப்பு. நெருப்பு, பெட்ரோல், சத்தம் என் பொறுப்பு. கிக்கரை மிதிக்க முழங்கால் மறுத்ததும் நான் விலகிக்கொண்டேன். அவர் இன்னும் விலகவில்லை, பார்க்கத்தான் செய்கிறீர்களே.

நான் விலகுவதற்குச் சற்று முன்னால் நித்யா என்று ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். ஹடப்சரில் ஐ.டி. வேலை. அவள் வந்தது ஆட்டோவில். வண்டியும் அதே ஆட்டோவில்தான் வந்தது, கோணிப்பைகளில். பின் சீட்டில் பெட்ரோல் டேங்கைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இது ஒரு மோட்டார் சைக்கிள்" என்றாள்.

சாமுவேல் ஒரு கோணிப்பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இருந்துருக்கும்மா" என்றார்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. பக்கத்தில் பூட்டிக்கொள்ள ஒரு சைடுகாரும் உண்டு. அதை அடுத்த வாரம் டெம்போவில் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து எங்களோடு உட்கார்ந்து அந்த வண்டியைச் சேர்த்தாள். வண்டி முதல் தடவை உயிர் பிடித்த அன்று பட்டறை முழுக்கப் புகை. நித்யா அந்தப் புகைக்குள் நின்று குதித்தாள். பக்கத்து வடாபாவ் கடைக்காரர் தீ பிடித்துவிட்டதாக நினைத்து வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார்.

அந்தக் குதியலிலேயே அவளுக்கு யோசனை வந்திருக்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஓம்கார், மராத்திப் பையன், அவள் ஆபீசில்தான் வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிவருவது நம் பக்கத்து வழக்கம் இல்லையா? பூ வைத்த காரில் மாப்பிள்ளை வருவார், முன்னால் மேளம் போகும்.

"மாப்பிள்ளை அழைப்புன்னா யாராச்சும் அழைக்கணும்ல அக்கா? நானே போய் அழைச்சிட்டு வர்றேன். அவன் சைடுகார்ல உக்காரட்டும்."

ஓம்காரிடம் கேட்டபோது அவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவன் அம்மாவுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. பட்டுப்புடவையோடு எப்படி வண்டி ஓட்டுவாய் என்று நான் பட்ட கவலையையும் அந்த அம்மாவே தீர்த்துவைத்தார். மராத்திப் பெண்கள் கட்டும் ஒன்பது கெஜப் புடவையைக் கால்சட்டை மாதிரி வரிந்து கட்டிவிட்டால் குதிரையே ஏறலாம் என்றார்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஆள், நித்யாவின் அப்பா சந்திரசேகர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நிக்டியில் வீடு. ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். கைக்குட்டையை விரித்து ஸ்டூலில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு அவ வண்டி ஓட்டுறதுல ஒண்ணும் இல்லைங்க. நடுரோட்டுல நின்னு போச்சுன்னா? கலியாணத்துக்கு வந்த அத்தனை பேரும் சிரிப்பாங்க. அவ அழுவா. அதத்தான் என்னால பாக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பாவும் மகளும் என் முன்னாலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர்வலத்துக்குப் பின்னால் பூ வைத்த கார் ஒன்று காலியாக வரும். வழியில் எஞ்சின் ஒரு தடவை நின்றாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுபேச்சுப் பேசாமல் காரில் ஏறிவிட வேண்டும்.

"நின்னா ஏறிடறேம்பா" என்று நித்யா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்த நாளும் வந்தது. நிக்டியில் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி மின்னிக்கொண்டு நின்றது. சாமுவேல் சைடுகாருக்கு மெழுகு போட்டுத் தேய்த்து அதில் தலை வாரிக்கொள்ளலாம் போல வைத்திருந்தார். நித்யா ஒன்பது கெஜத்தில், மூக்கில் முத்து நத்தோடு, ஒரே மிதியில் வண்டியைக் கிளப்பினாள். ஓம்கார் பெரிய தலைப்பாகையோடு சைடுகாரில் இறங்கி உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று: வணக்கம், சாப்பிட்டீங்களா, பரவாயில்லை. மூன்றையும் மாறி மாறி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். முன்னால் டோல்-தாஷா மேளக் குழு. அந்தக் குழுவுக்கு நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ஊர்வலத்து வேகம். இந்த மாதிரி எஞ்சினுக்குக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். நடை வேகத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆடிக்கொண்டு போனால் அது கொதித்துப்போகும். நானும் சாமுவேலும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நடந்தோம்.

மண்டபத்தின் வாசல் வளைவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் டோல்காரர்கள் கடைசி ஆட்டத்துக்கு நின்றார்கள். நித்யா கிளட்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போது எஞ்சின் தளர ஆரம்பித்தது. டொக் டொக் என்று இருந்தது, டொக்... டொக்... என்று ஆனது. நித்யா என்னைப் பார்த்தாள். ஆக்சிலேட்டரைத் திருகு என்று நான் கையைக் காட்டினேன். அவள் திருகுவதற்குள் ஒரு இருமல். அவ்வளவுதான், போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போகவில்லை. திரும்பவும் பிடித்துக்கொண்டது! டொக் டொக் டொக். சாமுவேல் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. ஓம்கார் எழுந்து நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னான்.

எனக்கு மட்டும் காது உறுத்தியது. சத்தத்தில் ஒரு கரகரப்பு. தொண்டை கட்டினவர் பாடுவது போல. இது என்ன என்று யோசித்து, தெரிந்து, "நித்யா, பொறு!" என்று நான் கத்துவதற்கும் அவள் முதல் கியரில் கிளட்சை விடுவதற்கும் சரியாக இருந்தது.

வண்டி பின்னால் போனது.

மெதுவாக, மரியாதையாக, மாப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. ஓம்கார் தடுமாறி உட்கார்ந்து, கும்பிட்ட கையை இறக்காமல், விலகி ஓடுகிறவர்களைப் பார்த்து "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே போனான். முன்னால் போவதற்காக நித்யா திருகின கை, திருகினபடியே இருந்தது.

"கிளட்ச்சப் பிடி பிள்ளே! கிளட்ச்ச!" என்று கத்தினேன்.

பிடித்தாள். பிரேக்கையும் மிதித்தாள். பூ வைத்த காலிக் காரின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காருக்குப் பக்கத்தில் நடந்துவந்த சந்திரசேகர் வண்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "அதுவே ஏறச் சொல்லிக் கொண்டாந்து விட்டுருச்சு பாரு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கைதட்டினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, "வாஹ் வாஹ், க்யா பாத் ஹை!" என்று இந்தியில் மெச்சி விசிலும் அடித்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று பிடிவாதம் கிடையாது. மூடித் திறக்கிற வால்வு எதுவும் அதில் இல்லை. ஓட்டம் தளர்ந்து, பிஸ்டன் மேலே ஏற முடியாமல் தவிக்கிற நேரத்தில் நெருப்பு கொஞ்சம் முந்திப் பட்டால், பிஸ்டனை வந்த வழியே உதைத்துத் தள்ளிவிடும். அதன்பிறகு எஞ்சின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிடும், சந்தோஷமாகச் சுற்றும். அப்போது முதல் கியர் போட்டால் பின்னால்தான் போகும். நான் கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் இதை யோசித்து முடிப்பதற்குள் ஊரே மெக்கானிக் ஆகிவிட்டது. நிக்டியில் பாதிப் பேர் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள். ஒருவர் பிளக் போய்விட்டது என்றார். இன்னொருவர் செயினைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்றார். சாமுவேலுக்கு அதில் கோபம் வந்து, "திருப்பி மாட்டினா காலைலேருந்து எப்படி ஓய் முன்னால வந்துச்சு?" என்று சண்டைக்குப் போனார். மூன்றாமவர் வண்டியைச் சுற்றி வந்து, "வெளிநாட்டு மாடல், ரிவர்ஸ் கியர் வச்சிருக்கான்" என்று முடித்தேவிட்டார். டோல்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாக எதையாவது திருகத் துடிக்கும். பிள்ளைகளே, திருகாதீர்கள். நான் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கு அடிபடும், எது உடையும் என்று இரண்டே கேள்விதான் கேட்டுக்கொண்டேன். யாருக்கும் அடிபடவில்லை. இந்த வண்டிக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. பிரேக் பிடிக்கிறது. சரி, மூச்சு விட நேரம் இருக்கிறது.

ஆனால் சந்திரசேகர் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

"வாம்மா, ஏறு. பேசின பேச்சு."

"எஞ்சின் நிக்கலப்பா!"

"நின்னுச்சு. நான் பாத்தேன்."

"நிக்கல. திரும்புச்சு. கேளுங்க, இப்பவும் ஓடிட்டுத்தானே இருக்கு!"

"நின்னாதானே திரும்பும்?"

"அப்பா, அது லாஜிக். நான் சொல்றது எஞ்சின்."

நத்து ஆட ஆட அவள் வாதாடினாள். சுற்றி இருந்தவர்கள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பாராமல் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நின்றது என்று ஒரு கூட்டம், நிற்கவில்லை என்று ஒரு கூட்டம். ஓம்காரின் அம்மா நிற்காத கட்சிக்குத் தலைவி. கடைசியில் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் சந்திரசேகர். "வண்டி உங்க கையில வளந்தது. எஞ்சின் நின்னுச்சா, நிக்கலியா?"

நித்யாவின் முகத்தைப் பார்த்தேன். நிற்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்காக அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மண்ணெண்ணெயில் கை வெந்து அவள் சேர்த்த வண்டி அது. எந்திரத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அங்கே யாரும் என்னை மறுத்துப் பேசப்போவதில்லை. அதனால்தான் வாய் வரவில்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில்தான் நாம் சொல்வதைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நின்னுச்சு சார்" என்றேன். "கண் மூடித் திறக்கிற நேரந்தான். ஆனா ஒரு தடவ நின்னாத்தான் மறுபக்கம் சுத்த முடியும். நின்னுச்சு."

சாமுவேல் என்னை ஒரு பார்வை பார்த்தார். நித்யா கீழ் உதட்டைக் கடித்தாள். அப்பா பயந்த அழுகை வந்தேவிட்டது என்று நினைத்தேன்.

அவள் தோள் குலுங்கியது. அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். ஹேண்டில் மேல் கவிழ்ந்து, நெற்றிப் பொட்டு அழிய அழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். "பின்னாடி போச்சுப்பா! மாப்பிள்ளை அழைப்புல மாப்பிள்ளைய பின்னாடி கொண்டு போயிட்டேன்!" சைடுகாருக்குள் ஓம்கார் தலைப்பாகை கழன்று விழச் சிரித்தான். அவன் அம்மா ஒரு டோல்காரரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சண்டை போட்ட கட்சிகள் ஒன்றை ஒன்று முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தன.

சந்திரசேகர் கார் கதவைப் பிடித்தபடி நின்றார். எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவர் மாதக்கணக்காகப் பயந்தது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப அணைச்சா மறுபடி கிளம்புமாம்மா?"

"கொதிச்சுக் கெடக்கு சார். ஆறணும். எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது."

"அணைக்காம விட்டா?"

"பின்னாலதான் போகும்."

மண்டபத்து வாசலைப் பார்த்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

"பின்னால எவ்வளவு தூரம் போகும்?"

"பெட்ரோல் இருக்கறவரைக்கும் போகும் சார்."

காரின் கதவைச் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப திருப்புங்க வண்டிய!"

கூட்டம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின. கியரை நியூட்ரலில் போட்டு, சாமுவேலும் டோல்காரர்களுமாக வண்டியைத் தள்ளித் திருப்பினார்கள். இப்போது வண்டியின் வால் மண்டபத்தைப் பார்த்து இருந்தது, முகம் எங்களைப் பார்த்து. மூன்று சக்கரம் இருந்ததால் சாயாது. அந்தத் தைரியத்தில்தான் நான் சம்மதித்தேன். வெறும் இரண்டு சக்கரமாக இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். ரோடு சமமா என்று நடந்து பார்த்தேன். குழந்தைகளை எல்லாம் ஓரத்துக்கு அனுப்பினேன். "ஏதாவது தப்பாப் போனா உன்னக் கேக்க மாட்டேன், நானே அணைச்சுருவேன்" என்று நித்யாவிடம் சொல்லிவிட்டு, சாவிமேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். அவளால் பின்னால் பார்க்க முடியாதே, கண்ணாக யாராவது வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் சந்திரசேகர் போய் நின்றுவிட்டார்.

புனேயில் பஸ்ஸோ லாரியோ பின்னால் எடுக்கும்போது ஒருவர் நின்று கத்துவாரே, அதேதான். சைடுகாரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு, "யேவூ தே! யேவூ தே!" என்றார். மராத்தியில் வரட்டும், வரட்டும் என்று. "கொஞ்சம் லெஃப்ட் ஒடி. உன் லெஃப்ட் இல்லடி, என் லெஃப்ட்! யேவூ தே, யேவூ தே, யேவூ தே!" அத்தனை வருஷம் வங்கியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடக்கமாகப் பேசிய தொண்டையில் இப்படி ஒரு குரல் இருந்தது அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாதாம். டோல்காரர்கள் அந்த "யேவூ தே"யையே தாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். மொத்த ஊர்வலமும் மணமக்களின் முகத்தைப் பார்த்தபடி நடந்தது. எந்தக் கல்யாணத்தில் அப்படி நடக்கும்? பின்னால் வருகிறவர்களுக்கு எப்போதும் மாப்பிள்ளையின் முதுகுதானே தெரியும்!

வாசலில் சந்திரசேகர் இரண்டு கையையும் உயர்த்தி "பஸ்!" என்றார், மராத்தியில் போதும் என்று. நித்யா பிரேக் பிடித்தாள். நான் சாவியைத் திருப்பினேன். ஆரத்தி எடுக்க வந்த பெண்களுக்கு வண்டியின் எந்தப் பக்கத்துக்குச் சுற்றுவது என்று குழப்பம். இரண்டு பக்கமும் சுற்றினார்கள்.

பந்தியில் சந்திரசேகர் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. "நிக்கலேன்னு நீங்க சொல்லியிருந்தா நான் அவள கார்லதாம்மா ஏத்தியிருப்பேன்" என்றார். "எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்தறாங்கன்னு தோணியிருக்கும். நின்னுச்சுன்னு நீங்க சொன்னதும், அப்புறம் பின்னால போகும்னு நீங்க சொன்னதையும் நம்பலாம்னு பட்டுச்சு."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். வாடிக்கையாளருக்குப் பிடிக்காததை நீங்கள் ஒருமுறை நேராகச் சொல்லியிருந்தால்தான், அவசரத்தில் நீங்கள் சொல்லும் அடுத்த வார்த்தையை நம்பி அவர் தன் பிள்ளையை வண்டியில் உட்கார வைப்பார். பட்டறையில் சம்பாதிக்க வேண்டியதில் அதுவும் ஒன்று. சரி, உபதேசம் முடிந்தது. கதையில் கொஞ்சம் மீதி இருக்கிறது.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, சாம்பார் வாசம் எழும் நேரத்தில் சந்திரசேகர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். வீடியோக்காரர் முந்தின நாள் மண்டபத்து உள்வாசலில் விளக்கைப் பொருத்திக்கொண்டு நின்றுவிட்டாராம். வெளியே நடந்தது ஒன்றையும் எடுக்கவில்லையாம்.

"இன்னொரு தடவ பின்னால போக வைக்க முடியுமாம்மா? சும்மா ஒரு அஞ்சு நிமிஷம்."

சொல்லி வைத்துச் செய்கிற வேலையா அது? சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. சாமுவேல் கிக்கரைப் பாதி மிதித்துப் பார்த்தார். நித்யா மாலையோடு வந்து மிதித்தாள். ஓம்காரும் அவன் அம்மாவும் மிதித்தார்கள். எஞ்சினைத் தளரவிட்டு, இரும வைத்து, நான் எனக்குத் தெரிந்த குறும்பெல்லாம் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி நல்ல பிள்ளையாக முன்னால்தான் போனது.

சந்திரசேகர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சைடுகாரில் ஏறினார். வண்டியின் வாலைப் பார்த்துத் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து, சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ முன்னாடியே ஓட்டும்மா" என்றார் மகளிடம். "தம்பி, நீங்க பின்னால ஓடிவந்து என் மூஞ்சிய மட்டும் எடுங்க, வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாது" என்றார் வீடியோக்காரரிடம். பிறகு கம்மிய குரலில், தெரு முழுக்கக் கேட்க, ஆரம்பித்தார்: "யேவூ தே! யேவூ தே!"